வளைகாப்புக்குத் தேதி குறிக்கும்போதே ஊசிக்கும் குறியுங்கள்: கர்ப்பகாலத் தடுப்பூசிகள், முதல்முறை கேட்பவர்களுக்கு

முதல் பிரசவத்தின்போது ஃப்ளூ ஊசி பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டீடி ஊசி போட்டார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், ஸ்கேனுக்குத் தேதி எழுதித் தந்தார்கள். அவ்வளவுதான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். எட்டாம் மாதம், கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருந்த வாரத்தில் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து காய்ச்சலோடு வந்தார். அவர் மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். நான் ஒன்பது நாள் கட்டிலோடு கிடந்தேன். படுத்தால் மூச்சு முட்டும், இருமினால் வயிறு கல்லாக இறுகும். குழந்தை அசைகிறதா என்று ராத்திரி முழுக்க வயிற்றில் கை வைத்தபடி விழித்திருந்தேன்.

இரண்டாவது முறை கேள்விகளை ஒரு தாளில் எழுதி, ஃபைலின் முதல் பக்கத்தில் சொருகிக்கொண்டு போனேன். அந்தக் கேள்விகளையும் அவற்றுக்குக் கிடைத்த பதில்களையும் வரிசைப்படுத்தித் தருகிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் உடம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர்தான். ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எதற்காக இந்த ஊசி

வயிறு வளர வளர, நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானம் சுமார் 4 சென்டிமீட்டர் மேலே தள்ளப்படுகிறது. அதே சமயம் உடம்புக்கு வழக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. இடம் குறைவு, தேவை அதிகம். அதனால்தான் மற்றவர்களுக்கு மூன்று நாள் காய்ச்சலாகப் போவது கர்ப்பிணிக்கு நிமோனியா வரை போய்விடுகிறது. 2009இல் ஃப்ளூவின் ஒரு வகையான பன்றிக்காய்ச்சல் பரவியபோது அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் சுமார் 1 சதவீதம்தான். ஆனால் அந்தக் காய்ச்சலில் இறந்தவர்களில் அவர்கள் சுமார் 5 சதவீதம். 2012இல் உலக சுகாதார நிறுவனம் ஃப்ளூ தடுப்பூசியில் கர்ப்பிணிகளை முதல் வரிசையில் வைத்தது.

இது தாயின் கணக்கு. குழந்தையின் கணக்கு வேறு. ஆறு மாதம் முடியாத குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி கிடையாது. அந்த வயதில் அதற்கு இருக்கும் முக்கியமான வழி, வயிற்றில் இருக்கும்போதே அம்மாவின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்புப்பொருளை வாங்கிக்கொண்டு பிறப்பது. டாக்காவில் 340 தாய்மார்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 2008இல் வெளியானது. கடைசி மூன்று மாதத்தில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்ட அம்மாக்களின் குழந்தைகளுக்கு, சோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைவாக வந்தது. நம் ஊர் மாதிரியே நெரிசலும் மழையும் உள்ள ஊரில் கிடைத்த கணக்கு என்பதால் எனக்கு இதன்மேல் நம்பிக்கை அதிகம்.

முதல் படி: குழந்தைக்கு முயற்சி செய்யும்போதே

இந்தக் கட்டத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரே ஒரு வித்தியாசம். சில தடுப்பூசிகளில் உயிருள்ள, ஆனால் வலுவிழக்கச் செய்த கிருமி இருக்கும். சிலவற்றில் செத்த கிருமியோ அதன் துண்டோ மட்டும் இருக்கும். முதல் வகையைக் கர்ப்பத்தில் போடக்கூடாது. இரண்டாவதைப் போடலாம்.

அம்மை வகை ஊசிகள் முதல் வகை: தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர்., அப்புறம் சின்னம்மை ஊசி. ரூபெல்லாவுக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இல்லையென்றால் கருத்தரிக்கும் முன்பே போட்டு முடித்து, குறைந்தது ஒரு மாதம் தள்ளி முயற்சி செய்யுங்கள். ஊசி போட்ட பிறகு, அந்த மாதமே நாள் தள்ளிப்போயிருந்தது தெரியவந்தால்? பதற வேண்டாம். டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்காகக் கருவைக் கலைக்கத் தேவையில்லை என்பதே உலகம் முழுக்க மருத்துவர்கள் சொல்வது.

ஃப்ளூவுக்கு இரண்டு வடிவம் உண்டு. கையில் போடும் ஊசி செத்த கிருமி. மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே உயிருள்ளது. கர்ப்பிணிக்கு ஸ்ப்ரே வேண்டாம், ஊசிதான். ஊசி போட்ட அடுத்த நாளே கருத்தரித்தாலும் தவறில்லை. காத்திருக்கும் கணக்கெல்லாம் கிடையாது. ஐ.வி.எஃப். செய்துகொண்டிருப்பவர்களுக்கும் இதேதான். ஆனால் கருமுட்டை எடுக்கும் நாளுக்கு ஒட்டினாற்போல் போட்டுக்கொள்ளாதீர்கள். ஊசியால் காய்ச்சல் வந்தால், அது எதனால் வந்தது என்று டாக்டர் குழம்புவார்.

கணவரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடும் காய்ச்சல் வந்தால் ஆணின் விந்தணு எண்ணிக்கை இரண்டு, மூன்று மாதத்துக்குக் குறையலாம். ஒரு விந்தணு உருவாகவே சுமார் 74 நாள் ஆகிறது என்பதால் அந்த இடைவெளி. கொரோனா ஊசி போட்டால் குழந்தை பிறக்காது என்று 2021இல் வாட்ஸ்அப் முழுக்க ஓடியது நினைவிருக்கிறதா? குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க, கனடா தம்பதிகளைப் பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், ஊசிக்கும் கருத்தரிப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தது. ஆனால் கணவருக்குக் கொரோனா வந்திருந்தால் அடுத்த இரண்டு மாதத்துக்கு வாய்ப்பு கொஞ்சம் குறைந்தது. ஊசி போட்ட பெண்களுக்கு மாதவிடாய் ஒரு நாளுக்கும் குறைவாகத் தள்ளிப்போனது உண்மை. அதுவும் அடுத்தடுத்த சுற்றில் சரியாகிவிட்டது.

இரண்டாவது படி: முதல் செக்கப்

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து பிக்மி எண் (தமிழக அரசு கர்ப்பிணிகளுக்குத் தரும் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். தனியாரில் பார்த்தாலும் இந்த எண் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் கேட்பார்கள். டீடி ஊசி அங்கே இலவசம். கர்ப்பம் உறுதியானதும் ஒன்று, நான்கு வாரம் கழித்து இன்னொன்று. கடந்த மூன்று வருடத்துக்குள் முந்தைய பிரசவத்தில் இரண்டும் போட்டிருந்தால் ஒரே ஒரு பூஸ்டர் போதும்.

ஆனால் டீடி என்பது ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மட்டும். மத்திய அரசின் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ ஊசி இல்லை. அதனால்தான் நீங்களாகக் கேட்க வேண்டியிருக்கிறது. “டாக்டர், எனக்கு ஃப்ளூ ஊசி எப்போது போடலாம்? கக்குவான் இருமலுக்கு டிடாப் உண்டா?” இந்த இரண்டு வாக்கியம் போதும். கூடவே இதையெல்லாம் சொல்லிவிடுங்கள்: முன்பு ஏதாவது ஊசிக்கு மூச்சுத்திணறல், முகவீக்கம் வந்ததா, ஆஸ்துமா, சர்க்கரை, தைராய்டு உண்டா, ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் அல்லது ஹெப்பாரின் ஊசி ஓடுகிறதா. முட்டை ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் சொல்லுங்கள், ஆனால் அதற்காக ஃப்ளூ ஊசியை யாரும் இப்போது தவிர்ப்பதில்லை.

மூன்றாவது படி: எந்த மாதம்

இந்த இடத்தில் டாக்டருக்கு டாக்டர் பதில் மாறும். உலக சுகாதார நிறுவனம் எந்த மாதத்திலும் போடலாம் என்கிறது. நம் நாட்டு மகப்பேறு மருத்துவர்களின் சங்கமான ஃபாக்ஸியின் வழிகாட்டுதல் 26 வாரத்துக்குப் பிறகு, ஆனால் தொற்று பெரிதாகப் பரவும் காலத்தில் அதற்கு முன்பே என்று போகிறது. அதனால் ‘இப்போது வேண்டாம், ஏழாம் மாதம் வாங்க’ என்று ஒருவர் சொன்னால் அவர் ஊசிக்கு எதிரானவர் என்று நினைத்துவிடாதீர்கள்.

என் கருத்து: மாதத்தை மட்டும் பார்க்காமல் மழையையும் பாருங்கள். நாட்டின் பல ஊர்களில் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சத்துக்குப் போகிறது. சென்னை, வேலூர்ப் பக்கம் அது வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் ஏறுவதாகக் கண்காணிப்பு ஆய்வுகள் காட்டின. ஊசி வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் ஆகும். ஆக, ஐப்பசி அடைமழைக்குள் எதிர்ப்புச் சக்தி உடம்பில் தயாராக இருக்க வேண்டும் என்றால் ஆவணி, புரட்டாசியில் போட்டாக வேண்டும். அப்போது உங்களுக்கு நாலாம் மாதம்தான் என்றால் டாக்டரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள். என் டாக்டர் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

போன வருடம் போட்டிருந்தாலும் இந்த வருடம் மறுபடி போட வேண்டும். கிருமி உருமாறிக்கொண்டே இருக்கிறது, ஊசியின் பலனும் மாதங்கள் போகப்போகத் தேய்கிறது.

நான்காவது படி: மருந்துக் கடையில்

சில மருத்துவமனைகள் ஊசியைத் தாங்களே வைத்திருப்பார்கள். பல கிளினிக்குகளில் சீட்டு எழுதிக் கொடுத்து, கடையில் வாங்கி வரச் சொல்வார்கள். பிராண்டைப் பொறுத்து விலை மாறும். வாங்கும்போது பெட்டியைக் கையில் எடுத்து நிதானமாகப் படியுங்கள்.

காலாவதித் தேதி எல்லோரும் பார்ப்பது. ஃப்ளூ ஊசிப் பெட்டியில் இன்னொன்றும் இருக்கும்: எந்த ஆண்டுக்கான கலவை, வட அரைக்கோளத்துக்கா, தென் அரைக்கோளத்துக்கா என்பது. என்.ஹெச்., எஸ்.ஹெச். என்று சுருக்கமாக அச்சிட்டிருப்பார்கள். எந்தெந்த வகைக் கிருமியை ஊசியில் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் ஒருமுறையும் செப்டம்பரில் ஒருமுறையும் அறிவிக்கிறது. நம் கடைகளில் இரண்டும் வரும். எது புதியதோ அதைக் கேளுங்கள். எனக்கு முதலில் எடுத்துக் கொடுத்தது முந்தைய ஆண்டின் பெட்டி. காலாவதிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது, கடைப் பையன் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் புதுசு இருக்கிறதா என்று கேட்டதும் உள்ளே போய் வேறு பெட்டி எடுத்து வந்தார். நான்கு வகைக் கிருமிக்கு என்று இருந்த ஊசிகள் இப்போது மூன்றாகக் குறைந்துவருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பி யமகட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தட்டுப்படவில்லை, அதனால் நீக்குகிறார்கள்.

அடுத்தது ஐஸ். இந்த ஊசிகளை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். ஆனால் உறையக்கூடாது. உறைந்தால் வீண். பாலித்தீன் பையில் ஐஸ் கட்டியைக் கொட்டி அதன் நடுவில் ஊசியைப் புதைத்துக் கொடுக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். பெட்டியை ஒரு துணியிலோ செய்தித்தாளிலோ சுற்றி, ஐஸ் நேராகப் படாமல் வைக்கச் சொல்லுங்கள். வாங்கியதும் வழியில் காய்கறி வாங்கிக்கொண்டு நிற்காமல் நேரே கிளினிக்குக்குப் போய்விடுங்கள். வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இரண்டு நாள் வைத்திருந்து போட்டுக்கொள்வதெல்லாம் வேண்டாம்.

ஐந்தாவது படி: ஊசி நாள்

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தோள் வரை மடிக்க வருகிற சட்டை அல்லது தளர்ந்த ரவிக்கை. ஊசி மேல் கையின் தசையில்தான், இடுப்பில் இல்லை. லேசான மூக்கொழுகல் தடையில்லை. நல்ல காய்ச்சல் என்றால் தள்ளிவையுங்கள். ஆஸ்பிரினோ ஹெப்பாரினோ ஓடுகிறது என்றால் நர்ஸிடம் மறுபடி சொல்லுங்கள், பஞ்சை இரண்டு, மூன்று நிமிடம் கூடுதலாக அழுத்திப் பிடிப்பார்.

போட்ட பிறகு 15, 20 நிமிடம் அங்கேயே உட்காருங்கள். உடனே தேய்க்காதீர்கள். கை வலி, அசதி, லேசான காய்ச்சல் ஒன்றிரண்டு நாள் இருக்கலாம். காய்ச்சல் அடித்தால் டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால். வீட்டில் கிடக்கும் இபுபுரூஃபன் வகை வலி மாத்திரை வேண்டாம், முக்கியமாக 20 வாரம் தாண்டிய பிறகு. ‘ஊசி போட்டதால் ஃப்ளூ வந்துவிட்டது’ என்பார்கள். செத்த கிருமியால் ஃப்ளூ வராது. அன்று கிளினிக்கில் பக்கத்தில் உட்கார்ந்து இருமியவரால் வேண்டுமானால் வரும்.

ஆறாவது படி: ஏழாம் மாதம்

நம் வீடுகளில் ஏழிலோ ஒன்பதிலோ வளைகாப்பு. நான் சொல்வது இதுதான்: அதற்குத் தேதி குறிக்கும் அன்றே ஊசிக்கும் குறித்துவிடுங்கள், விழாவுக்கு இரண்டு வாரம் முன்பாக. வளையல் அடுக்க ஐம்பது பேர் முகத்துக்கு நேரே குனிவார்கள், கன்னத்தில் சந்தனம் பூசுவார்கள். ஊரிலுள்ள அத்தனை சளியும் ஒரே ஹாலில் இருக்கும்.

டிடாப் போட வேண்டிய காலமும் இதுவே, 27 முதல் 36 வாரத்துக்குள். இது கக்குவான் இருமலுக்கும் சேர்த்துப் போடும் ஊசி. இதை விடக்கூடாது, ஏனென்றால் பச்சைக் குழந்தையை அந்த இருமல் மூச்சுவிட விடாது. டீடியின் ஒரு டோஸுக்குப் பதிலாகவே இதைப் போட்டுக்கொள்ளலாம். ஃப்ளூ ஊசியும் டிடாப்பும் ஒரே நாளில், கைக்கு ஒன்றாகப் போடலாம்.

அடுத்தது ஆர்.எஸ்.வி. பெயர் புதிதாக இருக்கும், ஆனால் நோயைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மாதக் குழந்தைக்குச் சாதாரணச் சளி மாதிரி ஆரம்பித்து, மூன்றாம் நாள் விலா எலும்புக்கு இடையே தோல் உள்ளே இழுக்க, மூக்குத் துவாரம் விரிய, பால் குடிக்க முடியாமல் திணறுமே, அதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த வைரஸ். உலகில் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் குழந்தைகள் இதனால் இறக்கிறார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் ஆறு மாதத்துக்கும் குறைந்தவர்கள். கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசி 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெயர் அப்ரிஸ்வோ. பெரிய பரிசோதனையில், பிறந்த மூன்று மாதத்துக்குள் வரும் கடுமையான நோயைச் சுமார் 82 சதவீதம் குறைத்தது. அமெரிக்காவில் 32 முதல் 36 வாரத்துக்குள் போடுகிறார்கள். பிரிட்டனில் 2024 செப்டம்பரிலிருந்து 28 வாரம் முதல் இலவசம்; லண்டனில் இருக்கும் அக்கா, தங்கைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள். 2025இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்திருக்கிறது. இங்கே உங்கள் டாக்டரிடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: வயதானவர்களுக்கான ஆர்.எஸ்.வி. ஊசி ஒன்று இருக்கிறது, பெயர் அரெக்ஸ்வி. அது கர்ப்பிணிக்கு உரியதல்ல. இரண்டு பெயரும் ஒரே மாதிரி ஒலிப்பதால் அமெரிக்காவிலேயே மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பெட்டியை நீங்களே ஒருமுறை படியுங்கள்.

கொரோனா ஊசியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2021 ஜூலை 2ஆம் தேதி கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. எத்தனை டோஸ், கடைசியாக எப்போது என்பதை ஃபைலில் எழுதிவைத்து, இன்னொன்று தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஏழாவது படி: வீட்டில் உள்ளவர்கள்

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் ஊசி அட்டையும் கூடவே போக வேண்டும். போனில் படம் எடுத்து வைத்திருந்தாலும் அட்டையை விட்டுவிட்டுப் போகாதீர்கள், பிரசவம் பார்க்கும் இடம் வேறு ஊராக இருக்கும்.

குழந்தையைத் தூக்கப் போகிறவர்கள், கால் நீட்டிக் குளிப்பாட்டப் போகிற பாட்டி, கணவர், பள்ளிக்குப் போகும் மூத்த பிள்ளை எல்லோருக்கும் அந்த வருட ஃப்ளூ ஊசி போட்டுவிடுவது நல்லது. என் மாமியாரிடம் ‘உங்களுக்குப் போடலாம் அத்தை’ என்றதும், “எனக்கு எதுக்கும்மா, நான் என்ன முழுகாமலா இருக்கேன்?” என்றார். ‘குழந்தை உங்க மடியிலதானே கிடக்கப் போகுது’ என்றேன். மறுநாள் எனக்கு முன்னால் கிளம்பி நின்றார்.

காய்ச்சல் வந்தேவிட்டால்

ஊசி போட்டாலும் ஃப்ளூ வரலாம். பெரும்பாலும் லேசாகப் போய்விடும். ஆனால் கர்ப்பிணிக்குக் காய்ச்சலும் இருமலும் சேர்ந்து வந்தால் கஷாயம் போட்டுக்கொண்டு நாலு நாள் பார்ப்பது வேண்டாம். அன்றே டாக்டரைப் பாருங்கள். ஓசெல்டாமிவிர் என்ற மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். பன்றிக்காய்ச்சலுக்கான அரசு வழிகாட்டுதலிலேயே, கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல் இதைத் தொடங்கலாம் என்று இருக்கிறது. மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், உதடு நீலம் பூத்தால், குழந்தையின் அசைவு குறைந்தால் நேரம் பார்க்காமல் 108.

குழந்தை பிறந்த பிறகு

ஃப்ளூ ஊசியைத் தவறவிட்டிருந்தால் பால் கொடுக்கும்போதும் போட்டுக்கொள்ளலாம், பாலில் எதிர்ப்புப்பொருள் கொஞ்சம் போகும். ரூபெல்லா எதிர்ப்பு இல்லை என்று முன்பே தெரிந்திருந்தால் எம்.எம்.ஆர். ஊசிக்கும் இதுதான் நேரம், தாய்ப்பால் தடையில்லை.

குழந்தைக்கு ஆறாம் மாதம் முடிந்ததும் அதற்கே உரிய முதல் ஃப்ளூ ஊசி, நான்கு வாரம் கழித்து இரண்டாவது. அன்னப்பிராசனத்துக்கு நாள் பார்க்கிற அதே வாரத்தில் குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். என் சின்னவள் முதல் ஊசிக்கு ஒரு முறை வீறிட்டுவிட்டு, நர்ஸின் கழுத்து ஐ.டி. அட்டையைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள்.